கடத்தூர் எழவு கைடு

பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் எந்த வீட்டிலிருந்து எந்தப் பிணம் எந்தச் சுவர் வழியாக வெளியே போனது என்று விரல் நீட்டிக் காட்டியவர் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். அவர் கடத்தூரில் இருந்தார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரனே முழிப்பான். 'எழவு கைடு' என்றால் சின்னக் குழந்தைகூட ஆளைக் காட்டிவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பூச்சிமருந்து விற்கும் பிரதிநிதி. பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துக் கடத்தூர் போவேன். மத்தியானம் கடைக்காரர்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. பழைய வீடு என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். நாட்டு ஓடு, செதுக்கின நிலைப்படி என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடப்பேன். அப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றபோதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"மேல என்னாத்தப் பாக்கறீங்க? கீழ பாருங்க. செவுத்துல ஒட்டுப் போட்டாப்பல தெரியுதுங்களா? பெரியவரு அதுலதான் போனாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில நட்சத்திரங்களில் செத்தால் 'அடைப்பு' என்பார்கள். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. எடுத்தால், போன உயிர் அதே வழியில் திரும்பி வந்து துணைக்கு இன்னொருத்தரையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அதனால் சுவரை இடித்து அது வழியே தூக்கிப் போவார்கள். கையோடு ஓட்டையை அடைத்துப் பூசிவிடுவார்கள். எத்தனை வெள்ளையடித்தாலும் அந்தப் பூச்சு மட்டும் தனியாகத் தெரியும்.

"இந்த வூட்டைக் கட்டினது யாருங்க?" என்று கேட்டேன்.

"கட்டுனவன் எவனோ! செத்தவங்களக் கேளுங்க, ஒண்ணு வுடாம சொல்றேன்."

சொன்னார். இது பிரசவத்தில் போனவள். இது காலராவில் அப்பனும் மகனும், இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டை. காட்டிக்கொண்டே தெருவோடு நடந்தார். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து கிழவர் ஒருவர் கத்தினார். "டேய், எங்க வூட்டக் காட்டாதடா! நான் இன்னும் சாவலடா!"

"அவசரம் இல்லீங்க," என்றார் இவர். "கருங்கல்லு செவுரு. இடிக்கவே ஒரு நாள் புடிக்கும். ரோசன பண்ணிச் செய்யுங்க."

ஒருமுறை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கைடு சும்மா இருப்பாரா? "மூணு ஒட்டு இருக்குதுங்க. மூணும் மருமவளுங்க," என்று தெருவில் நின்றே காட்டிவிட்டார். வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டு சந்தைமேடு வரைக்கும் இவரைத் துரத்தினாராம்.

இத்தனை வீட்டைக் காட்டினவர் ஒரே ஒரு வீட்டை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தாண்டிவிடுவார். அது அவருடைய வீடு. ஒரு நாள் நாங்கள் அந்தப் பக்கம் போனபோது அவர் தம்பி சேறும் செங்கல்லுமாக அங்கே நின்றிருந்தான். பக்கவாட்டுச் சுவரில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. அது பூசாமலே கிடந்தது.

"நீங்களாவது சொல்லுங்க சார்," என்றான் தம்பி. "அண்ணி போனதுலேர்ந்து இத அடைக்க வுட மாட்டேங்கறாரு. ஒரு மழ புடிச்சா செவுரு மொத்தமும் உக்காந்துரும். இவரு அதுக்குக் கீழதான் படுக்கறாரு. இருக்கறது ஒரே அண்ணனுங்க எனக்கு."

"அடைச்சிட்டா அவ எப்பிடிடா வருவா?" என்றார் கைடு.

தம்பி பூசுகரண்டியால் சேற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தான்.

"வந்து கூட்டிக்கினு போயிருவான்னுதான எல்லாரும் பயப்படறாங்க? கூட்டிக்கினு போவட்டுமே. நான் என்ன வாணாம்னா சொன்னேன்?"

தம்பி கரண்டியை வீசி எறிந்தான். "எக்கேடோ கெட்டுப் போ!" என்று கத்தினான். கத்திவிட்டு, போய் இரண்டு பனங்கட்டையைச் சுமந்துகொண்டு வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தான்.

மழைக்காலம் முழுக்க அந்தச் சுவர் விழவில்லை. கைடுதான் விழுந்தார். ஜுரம். நான் அடுத்த தடவை போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நல்ல நட்சத்திரம்தானுங்க," என்றான் தம்பி. "அடைப்பு இல்ல, வாசல்லயே எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. நான்தான் கேக்கல. அண்ணி போன வழியாவே தூக்கிட்டுப் போனோம். ஊரே திட்டிச்சி."

சுவரைப் பார்த்தேன். ஓட்டை அடைத்து, நன்றாகவே பூசியிருந்தது.

"அன்னிக்கே பூசிட்டனுங்க," என்றான். "இனிமே அவருக்கு இங்க திரும்பி வர என்னா வேல இருக்குது?"

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கடை திறக்க இன்னும் நேரம் கிடந்தது. அன்றைக்கு எனக்கு எந்த வீட்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை.