பெருக்கவா அண்ணன்

கணக்கில் புலிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடும்போது தூசி பறந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர்தான் பெருக்கவா அண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஆனையூரில் ஒரு மாடி ஹாலில், ஞாயிறுதோறும் அரசு வேலைத் தேர்வுக்கு வகுப்பு நடந்தது. கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எனக்கும் அரசாங்க வேலை ஆசை வந்து போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன் பெஞ்சில் அண்ணன். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், மோட்டார் போடுபவர், மைக் கட்டுபவர், பந்தி முடிந்தால் ஹாலைக் கூட்டுபவர் எல்லாம் அவரே. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமுடி அவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே மூன்று முறை தேர்வு எழுதி, மூன்று முறையும் கணக்கில் கோட்டை விட்டவர். இந்த முறையும் இல்லையென்றால் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்வதாக அங்கிருக்கும் மச்சினனிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"திருப்பூரு நல்ல ஊருதான் தங்கச்சி. ஆனா எம் மக இங்கிட்டுப் பத்தாவது படிக்கிறா. 'பள்ளிக்கூடத்த மாத்துனா நான் படிக்கவே மாட்டேன்'னு ஒரே அழுகை. அவளுக்காகவாவது நான் பாஸ் ஆகணும்."

ஒரு ஞாயிறு, பாடம் அலகு மாற்றம். எங்கள் சார் எங்களைவிடப் பத்து வயது இளையவர். எங்களை அதட்டவே கூச்சப்படுவார். கிலோமீட்டரை மீட்டராக்க ஆயிரத்தால் பெருக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, "அஞ்சு கிலோமீட்டர் எத்தனை மீட்டர்ண்ணே?" என்றார்.

"ஆயிரத்து அஞ்சு சார்."

சாருக்கு வாய் ஓரமாய்க் கோணியது. "பெருக்கச் சொன்னா கூட்டி வச்சிருக்கீங்களேண்ணே!"

"கூட்டுனா என்ன, பெருக்குனா என்ன சார்? எங்க மண்டபத்துல ரெண்டுக்கும் ஒரே வெளக்கமாறுதான்."

வகுப்பு சிரித்து அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் அவர் எழுந்து நின்று, "சார், பெருக்கவா, வகுக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். 'பெருக்கவா' என்று பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். என் வாய் அப்படி.

பெயர் வைத்தேனே தவிர, என் லட்சணம் அதைவிட மோசம். நூற்று அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணின் உயரத்தை மீட்டரில் கேட்டிருந்தார்கள். நான் நூறால் பெருக்கி, அவளைப் பதினாறாயிரம் மீட்டருக்கு வளர்த்துவிட்டிருந்தேன். விமானம் மோதியிருக்கும்.

அடுத்த ஞாயிறு அண்ணன் ஒரு பழைய செய்தித்தாளோடு வந்தார். "சார், சூட்சுமத்தப் புடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டே அதைச் சுக்கு நூறாகக் கிழித்து ஹால் நடுவில் வீசினார். சார் இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"இப்ப பாருங்க. பெருசு சின்னதாச்சா? குப்பை ஆச்சா? குப்பைன்னா என்ன செய்யணும்? பெருக்கணும்! கிலோ கிராமாகுதா, பெருக்கு. லிட்டரு மில்லியாகுதா, பெருக்கு!"

"அப்ப வகுக்குறது?" என்றேன்.

"உங்க தலையில இருக்கே தங்கச்சி! பொடிப்பொடி முடியெல்லாம் சேந்து ஒரு சடை ஆகணும்னா மொதல்ல என்ன எடுக்கணும்? வகிடு! சின்னது பெருசாகணும்னா வகுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். சாரும் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக்க, நீளவாக்கில் ஒருமுறை நூறால் பெருக்க வேண்டும், அகலவாக்கில் ஒருமுறை நூறால் பெருக்க வேண்டும். கன மீட்டர் என்றால் மூன்றாவதாக ஒரு நூறு. "அது ஒட்டடை" என்று மேலே கையை ஆட்டிக் காட்டினார். வீட்டில் அடுப்படி ஒட்டடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூன்றாவது நூறு நினைவுக்கு வந்தது. ஆறே வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கணக்கும் தப்பாமல் போட்டோம்.

ஒரே ஒரு சிக்கல். கையை ஆட்டாமல் அவருக்குக் கணக்கு வராது.

தேர்வு சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளியில். ஒரே அறை, எனக்கு இரண்டு வரிசை முன்னால் அண்ணன். பாதித் தேர்வில் கன மீட்டர் கணக்கு வந்தது. அண்ணன் இடமிருந்து வலமாக ஒருமுறை கையை வீசினார். முன்னிருந்து பின்னாக ஒருமுறை வீசினார். பிறகு விட்டத்தைப் பார்த்து மூன்றாவது வீச்சு. கண்காணிப்பாளர் மேடம் வேகமாக வந்து அவர் விடைத்தாளை உருவிக்கொண்டார்.

"யாருக்குய்யா சைகை காட்டுற?"

"யாருக்கும் இல்ல மேடம். ஒட்டடை அடிக்கிறேன்."

இதைவிட மோசமான பதிலை யாராலும் யோசிக்க முடியாது. தலைமைக் கண்காணிப்பாளரை வரவழைத்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. அவர் மகளின் அழுகை என் காதில் கேட்பதுபோல் இருந்தது. அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா?

"சார், அது சைகை இல்ல, வாய்ப்பாடு!" என்று எழுந்துவிட்டேன். என்னையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். அதற்குள் ஒரே மூச்சில் குப்பை, வகிடு, ஒட்டடை மூன்றையும் கொட்டி முடித்தேன்.

தலைமைக் கண்காணிப்பாளராக வந்த பெரியவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? ஆறாயிரம் கிராம் எத்தனை கிலோ?"

அண்ணன் கண்ணை மூடினார். முடியே இல்லாத உச்சந்தலையில் ஒரு விரலால் நேராக வகிடு எடுத்தார். "வகுத்தா ஆறு சார்."

பெரியவரின் தலையும் அதே வழுக்கைதான். தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "பேப்பரைக் குடுங்க மேடம். யோவ், இனிமே கையைக் கட்டிக்கிட்டுப் பெருக்கு."

"கையைக் கட்டுனா எப்படி சார் பெருக்குறது?"

"மனசுக்குள்ள பெருக்குய்யா!"

உயிர் வந்தது. ஆனால் இந்தக் கூத்தில் பத்து நிமிடம் போய்விட்டது. "கடைசியில எட்டுக் கேள்வியத் தொடவே இல்ல தங்கச்சி" என்று வாசலில் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதன் பிறகு பல மாதங்கள் அந்த எட்டுக் கேள்விகள் என்னைத் தூங்கவிடவில்லை.

முடிவு வந்த அன்று காலையில் அவர்தான் போன் செய்தார்.

"தங்கச்சி, நீங்க பாஸு!"

"உங்களுது என்னண்ணே?"

"பாக்கல. பயமா இருக்கு. நம்பர் சொல்றேன், நீங்க பாருங்க."

செல்போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாமி, இந்த மனுஷனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடாதே என்று வாய்விட்டே வேண்டினேன். திரை திறந்தது. ஒரு முறைக்கு இரண்டு முறை நம்பரைச் சரிபார்த்தேன்.

"இல்லையா? சரி, விடுங்க. திருப்பூரும் நல்ல ஊருதான்."

"இருக்குண்ணே! நீங்களும் பாஸுண்ணே!"

பிறகு அவர் பேசியது என்னிடம் அல்ல. "ஏத்தா, இங்க வா. டி.சி. கேக்க வேணாம். நீ இங்கேயே படி." ஒரு பெண்பிள்ளை ஓவென்று கூச்சல் போடுவது கேட்டது. யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். போனை வைக்க மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன்.

வெகுநேரம் கழித்துத்தான், நானும் பாஸானது என் நினைவுக்கு வந்தது.