அத்தான் முகமும் அடுத்தவர் சின்னமும்

அந்தமானில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த மொழியையும் உருப்படியாகக் கற்காமலேயே ஐந்தாறு மொழிகளில் பேசிவிடலாம். மீன் வாங்க வங்காளம், பஸ்ஸில் இடம் பிடிக்க இந்தி, லீவு கேட்க ஆங்கிலம், வீட்டில் திட்டு வாங்கத் தமிழ். இந்த வசதியால் எனக்கு இதுவரை ஒரு சேதமும் வந்ததில்லை. வந்ததெல்லாம் என் அத்தானுக்குத்தான்.

அப்போது நான் போர்ட் பிளேரில், ஹேடோ பகுதியில் அப்பாவின் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கி, வேலைக்குக் காத்திருந்த காலம். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரும் தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பேன். அவை வந்து சேரும்போது அவற்றிலிருக்கும் மந்திரிகள் சிலர் பதவி இழந்திருப்பார்கள். அதனால் என்ன? அரசியல் எனக்கு அத்துபடி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. (மற்றவர்களுக்கு இருந்தது. அவர்களை யார் கேட்டார்கள்?)

அக்காவைத் திக்லிபூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். சேகர் அத்தானுக்குப் பாக்குத் தோட்டம், கொஞ்சம் நெல் வயல். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவர் அவர். ஊரில் பாதிப்பேர் வங்காளிகள்; மீதி தெலுங்கர், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மலையாளிகள், எங்களைப் போல நாலு தமிழ்க் குடும்பம். கோடையில் அத்தனை பேரும் ஒரே கிணற்றில் வரிசையில் நிற்பார்கள். “வீட்டுக்கு வீடு குழாய் கொண்டுவர்றேன்” என்று சொல்லி அத்தான் பஞ்சாயத்துப் பிரதான் (அதாவது தலைவர்) தேர்தலில் சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவர் நிதாய் தா. ‘தா’ என்றால் வங்காளத்தில் அண்ணன். அவரும் அத்தானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

போஸ்டர் அடித்துக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு வந்தது. போர்ட் பிளேரில் இருப்பவன், படித்தவன், அதைவிட முக்கியமாக வெட்டியாக இருப்பவன்.

அந்த நாளில் திக்லிபூரிலிருந்து போன் வந்தால் பாதி வார்த்தை கடலில் விழுந்துவிடும். மீதிப் பாதியோடு நாம் பேசியதே எதிரொலியாகத் திரும்பி வரும். அத்தான் ஒரு மேட்டில் ஏறி நின்று கத்தினார்.

“மாப்ளே! சின்னம் கிடைச்சிருச்சு! ப...டி!”

“என்னது அத்தான்?”

“ப...தி! ப...டி!”

“பத்தியா?”

“ஆமாடா, அதான்! பெருசாப் போடச் சொல்லு!”

எங்கள் தீவு இந்தியில் பத்தி என்றால் விளக்கு. கரண்ட் போனால் கரண்ட் போச்சு என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். ‘பத்தி போச்சு’ என்போம். தினமும் சாயங்காலம் ஜெனரேட்டர் படுத்துக்கொள்ளும் ஊரில் பல்பு சின்னம்! அத்தானின் அரசியல் சாதுரியத்தை நினைத்து எனக்குப் புல்லரித்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு கோஷமும் எழுதினேன்: ‘அந்தேரா பகாவோ, பத்தி ஜலாவோ’. இருட்டை விரட்டு, விளக்கை ஏற்று. கீழே தமிழில் ‘இருள் விலகப் பல்புக்கே உங்கள் ஓட்டு’.

அபர்தீன் பஜாரில் அச்சகம் வைத்திருந்த காதர் பாய் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நீங்க போன வாரம் வந்தப்ப குழாய், தண்ணின்னுல்ல சொன்னீங்க?”

“ஆமா பாய்.”

“அப்ப பல்பு எதுக்கு?”

“வளர்ச்சி பாய். ஒட்டுமொத்த வளர்ச்சி.”

“எதுக்கும் ஒருக்கா போன் போட்டுக் கேட்டுக்கிடுங்க.”

“பாய், அச்சு உங்க வேலை. அரசியலை எங்கிட்ட விட்டுடுங்க.”

விட்டுவிட்டார். நல்ல மனிதர். பல்பை அவ்வளவு அழகாகப் போட்டிருந்தார்; மேலே அத்தான் கும்பிட்டபடி சிரிக்க, கீழே மஞ்சள் பல்பு கதிர் விட்டு ஜொலித்தது.

இருட்டோடு கிளம்பும் பஸ்ஸில் போஸ்டர் கட்டுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இன்றைக்கும் அந்தப் பயணத்தை நினைத்தால் வயிற்றில் ஒரு குளுமை. பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசை கட்டிப் போகும்போது பஸ்ஸில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். ஈர இலை வாசனை மட்டும் உள்ளே வரும். பிறகு பஸ்ஸே படகில் ஏறும். நாங்கள் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரைப் பார்ப்போம். அக்கரையில் சூடான பூரி. பக்கத்து இலையில் கொண்டைக்கடலை தீர்ந்தால் முன்பின் தெரியாதவர் தன் இலையிலிருந்து தள்ளிவிடுவார். அவர் எந்த ஊர், எந்த மொழி என்று கேட்கத் தோன்றாது. ரங்கத் தாண்டி, மாயாபந்தர் தாண்டி, முதுகெலும்பு கழன்று திக்லிபூர் போய்ச் சேரும்போது பஸ் முழுக்க உறவாகியிருக்கும்.

நேராக அக்கா வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஊர் எல்லையில் கடைத்தெருவிலேயே இறங்கினேன். போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே போய் அத்தானை அசத்திவிட வேண்டும் என்று திட்டம். அங்கே சுவர்களில் ஒரு போஸ்டர்கூட இல்லை. நிதாய் தாவின் போஸ்டர்கள் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வருவதாகவும், கடல் கொந்தளிப்பில் கப்பல் தாமதம் என்றும் டீக்கடைக்காரர் சொன்னார். எதிரி தூங்குகிறான் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் வங்காளி. பசை காய்ச்ச மைதா கேட்டேன். ஒரு போஸ்டரை விரித்துப் பார்த்தவர், என்னைப் பார்த்தார், மறுபடி போஸ்டரைப் பார்த்தார். பிறகு அவரே அடுப்பில் சட்டியை ஏற்றிப் பசை காய்ச்சிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். டீக்கும் வாங்கவில்லை. கூடவே வந்து எந்தச் சுவர் வழவழப்பு, எந்த முக்கில் கூட்டம் அதிகம் என்றெல்லாம் காட்டினார். ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட ஏணியும் அவரே பிடித்தார். போகிற வருகிற வங்காளிகள் நின்று பார்த்துக் கை தட்டினார்கள். ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். அத்தானுக்கு எதிர்முகாமிலேயே இவ்வளவு செல்வாக்கா என்று எனக்குக் கண் கலங்கியது.

மிச்சம் ஒரே ஒரு போஸ்டரோடு அக்கா வீட்டு வாசலை அடைந்தேன். வாசலில் மூங்கில் கம்பு நட்டு, அதன் உச்சியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முற்றத்தில் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு வாளி.

“என்ன அத்தான், தண்ணிக் கஷ்டம் இவ்வளவு மோசமாயிருச்சா?” என்றேன்.

அத்தான் சிரித்தார். “அரே, சின்னம்டா மாப்ளே. பால்டி!”

பால்டி. தீவு இந்தியில் வாளி. என் முதுகில் கம்பளிப்பூச்சி ஒன்று மெதுவாக மேலே ஏறியது.

“அப்ப... பத்தி?”

“பத்தி நிதாய் சின்னமாச்சே. உனக்கெப்படித் தெரியும்?”

அக்கா என் கையிலிருந்த போஸ்டரைப் பிடுங்கி விரித்தாள். முற்றமே எட்டிப் பார்த்தது. அத்தான் தன் முகத்தையும் கீழே எரிந்துகொண்டிருந்த நிதாய் தாவின் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மத்ததெல்லாம் எங்கடா?” என்றாள் அக்கா, மிக மெதுவாக.

“ஒட்டிட்டேன்க்கா.”

“எங்க?”

“எல்லா எடத்துலயும்.”

அடுத்துச் சில நிமிடங்கள் அக்கா பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. இடையிடையே “அம்மா அப்பவே சொன்னா” என்று வந்தது மட்டும் ஞாபகம். அம்மா அப்போது என்ன சொன்னாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஓடிப்போய்க் கிழிக்கப் பார்த்தோம். டீக்கடைப் பசை சிமென்ட் மாதிரி பிடித்திருந்தது. அத்தான் முகம்தான் பாதி பாதியாகக் கிழிந்து வந்தது, பல்பு அசையவில்லை. பல்பின் மேல் தார் பூசினோம். அத்தான் ஏதோ விபத்தில் இறந்துபோய் அஞ்சலி போஸ்டர் ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் மாலையோடு துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார். அத்தானே கதவைத் திறந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

புதிதாக அடிக்க போர்ட் பிளேர் போய்வர நாள் இல்லை. ஆகவே மறுநாள் காலை ஒரு ஜீப்பில் மைக் கட்டி, என்னை அதில் ஏற்றினார்கள். “பண்ணினவனே சொல்லட்டும்” என்று அக்கா தீர்ப்பு. ஊர் ஊராக நான் கத்தினேன்: “பாயியோ, பெஹனோ! செஹரா சஹி ஹை, நிஷான் கலத் ஹை!” முகம் சரி, சின்னம் தப்பு. ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார், அவருக்கும் கேட்கட்டும் என்று ஜீப்பைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோகச் சொன்னார்கள். அத்தானின் குழாய்த் திட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குள் நிதாய் தா ஆட்கள் என் கோஷத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். எதிரில் வந்த அவர்கள் ஊர்வலம் ‘அந்தேரா பகாவோ, பத்தி ஜலாவோ’ என்று முழங்கிக்கொண்டே எங்கள் ஜீப்பைக் கடந்தது. சந்தம் நன்றாகத்தான் இருந்தது. என் உதடு ஒரு தடவை தானாக அசைந்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் நிதாய் தா சைக்கிளில் வந்தார். வாழை இலையில் சுற்றிய மீன் ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சேகர், சத்தியமா எங்க ஆளுங்க யாரும் சொல்லிக் குடுக்கல,” என்றார் இந்தியில்.

“தெரியும். இது எங்க வீட்டுச் சரக்கு,” என்றார் அத்தான்.

“என் கப்பல் இன்னும் வரலை. தம்பி இல்லேன்னா எனக்கு போஸ்டரே கிடையாது.” என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அதில் துளி கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தான் தோற்றார். கொஞ்ச ஓட்டுதான் வித்தியாசம். மறுநாள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார லட்சுமி அம்மா பெருமையோடு வந்து அக்காவிடம் சொன்னார்: “நீ ஒண்ணும் கவலைப்படாதே. உங்க வீட்டுக்காரர் மூஞ்சிக்குக் கீழே என்ன படம் இருந்துச்சோ, கரெக்டா அதிலேயே குத்திட்டேன். எங்க தெருவே அப்படித்தான்.” அக்கா உள்ளே போய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அழுதது கொல்லைப்பக்கத்தில்.

நான் அன்றைக்கே பஸ் ஏறிவிடலாம் என்று பையை எடுத்தேன். தோட்டத்தில் காயப்போட்ட பாக்கைக் கிளறிக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து பாக்கைக் கிளறினார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

“மாப்ளே,” என்றார் கடைசியில், “பிரிண்டு நல்லா வந்திருந்துச்சுடா. கல்யாண போட்டோலகூட நான் அவ்வளவு நல்லா இல்ல.”

பையை வைத்துவிட்டு நானும் பக்கத்தில் குந்திப் பாக்கு கிளறினேன். இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருந்தேன்.

அடுத்த தேர்தலில் அந்தப் பிரதான் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அக்கா நின்றாள். போஸ்டருக்கு யாரையும் நம்பாமல் தானே பஸ் ஏறி வந்து, காதர் பாய் அச்சகத்தில் மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் தாள் வந்ததும் தூக்கிப் பிடித்தாள்.

“பாய், இது என்ன?”

“தையல் மெஷினும்மா.”

“பாலு, நீ சொல்லு,” என்று என் பக்கம் திரும்பினாள்.

“தையல் மெஷின்க்கா.”

கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்து நின்ற ஒரு மலையாளியையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்த பிறகுதான் மிச்சத்தை அடிக்க விட்டாள். ஜெயித்தாள்.

போன மழைக்காலத்தில் போயிருந்தேன். முன்கூடத்தில் அத்தானும் நிதாய் தாவும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மெயின்லாண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி பாலம் விஷயமாக அக்காவைப் பார்க்க வந்திருந்தார். இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“என் தம்பி சார். நிதாய் தா அஞ்சு வருஷம் பிரதானா இருந்தாரே, அவரை ஜெயிக்க வச்சது இவன்தான்.”

நிதாய் தா சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். அத்தான் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. பாவம், அதிகாரிக்கு எதுவும் புரியவில்லை. நாற்காலியை என் பக்கம் நகர்த்திப்போட்டு, “இந்தத் தடவை காத்து எந்தப் பக்கம் சார்?” என்று மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“அவன் சொல்றதைக் கேட்டுக்கங்க சார். ஆனா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள வேற யார்கிட்டயாவது ஒரு தடவை கேட்டுருங்க.”