சனிக்கிழமை என்ஜின்

"தண்ணி குடிச்சிருக்கு டாக்டர்" என்றார் மெக்கானிக்.

ஏதோ குழந்தை குளத்தில் விழுந்துவிட்ட தோரணையில் சொன்னார். ஆனால் ஷெட்டில் ட்ரெய்லர் மேல் கிடந்தது மாமனாருடைய ஜெட் ஸ்கி, அதாவது ஏரியில் ஓட்டுகிற தண்ணீர் ஸ்கூட்டர். அதற்குத் தண்ணீர் புகட்டிய புண்ணியவான் அவருடைய மருமகனான பல் டாக்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்குப் போனபோது நடந்த கூத்து அது. "ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா மாமா?" என்று கேட்டதே தப்பு. போனவர் முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்தார். கவிழ்ந்தது கூடப் பரவாயில்லை. கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று அதன் பின்புறத்திலேயே அம்புக்குறி போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஊரார் பல்லையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷர், அந்த அம்பைப் பார்க்காமல் மறுபக்கமாகப் புரட்டினார். என்ஜின் மடக் மடக்கென்று ஏரியைக் குடித்துவிட்டது.

கரையில் நின்ற மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி" என்றார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது டாக்டருக்கு.

மாமனார் பஸ் டிப்போவில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் டாக்டரிடம் பேசியதெல்லாம் "வாங்க டாக்டர்", "சாப்டீங்களா டாக்டர்", "கிளம்பிட்டீங்களா டாக்டர்." மாமியாருக்கு முதல் நாளே 'மாப்பிள்ளை' வந்துவிட்டது. இவர் வாயில் மட்டும் அது வரவேயில்லை. சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்த டாக்டருக்கு, கல்யாணத்தோடு ஒரு அப்பாவும் கிடைப்பார் என்று உள்ளூர ஆசை இருந்தது. இப்போது அவர் வண்டியையும் கெடுத்தாயிற்று.

"ரெண்டு வழிதான்." மெக்கானிக் மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு, முழுசாப் பிரிச்சுக் கட்டணும். இல்லேன்னா புது என்ஜினே போட்டுடணும்."

"புதுசே போடுங்க" என்றாள் டாக்டரின் மனைவி. "பழசைக் கட்டிக்கிட்டு யாரு அழறது?"

"நான் அழலையா இத்தனை வருஷமா?" என்றது சமையலறையிலிருந்து மாமியாரின் குரல்.

மாமனார் மோவாயைத் தடவினார். "பிரிச்சுக் கட்டுவோம். நானே பண்ணிக்கிறேன். ஆனா ஒத்தை ஆளால ஆகாது."

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

"நான் வரேன் மாமா. சனிக்கிழமை கிளினிக் லீவுதான்." டாக்டருக்கு வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு பல்பு மாட்டத் தெரியாதேங்க!" என்றாள் மனைவி.

"பல்பு வேற, என்ஜின் வேற" என்றார் மாமனார். மூன்று வருஷத்தில் மருமகனுக்காக அவர் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் கையோடு தன் பல் கண்ணாடியைக் கொண்டுபோனார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை சிலிண்டருக்குள் விட்டதும் மாமனார் குனிந்து பார்த்து அசந்துபோனார். "அடேங்கப்பா! டிப்போல இது இருந்திருந்தா எத்தனை பஸ்ஸு பொழைச்சிருக்கும்!"

என்ஜின் இடுக்கில் ஒட்டிக் கிடந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதற்கு, பல்லில் காரை சுரண்டும் கொக்கி. கேட்க வேண்டுமா? மாமனாருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. அந்த வேகத்தில்தான் அது நடந்தது.

"மாப்ளே, அந்த பன்னெண்டு ஸ்பேனரை எடுங்க."

அந்த 'மாப்ளே'யைக் கேட்ட சந்தோஷத்தில் டாக்டருக்கு எண் காதில் ஏறவில்லை. பதினாலை எடுத்துக் கொடுத்தார்.

"இது பதினாலு மாப்ளே."

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

"பதினாலு."

பரவாயில்லை என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் கண்ணில் ஏறி எரிந்தது. அதுவும் பரவாயில்லை.

வேலை வளர்ந்தது. வேலையோடு வினையும் வளர்ந்தது. ஷெட்டில் இடம் போதாமல் நட்டும் போல்ட்டும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. ஒரு வாஷர் சர்க்கரை டப்பாவில் விழுந்து மாமியாரின் காபியில் கிடைத்தது. கரி பிடித்த பிஸ்டனை ஊற வைக்க, வீட்டிலேயே பெரிய குக்கராகப் பார்த்து மாமனார் எடுத்துக்கொண்டார்.

"இனிமே இந்த வீட்ல பிஸ்டன்தான் சாப்பாடு" என்று மாமியார் அறிவித்தாள். "மாப்பிள்ளை, உங்களுக்கு எத்தனை வைக்கட்டும்?"

மாமனாரும் மருமகனும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். டாக்டர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மாமனார் முதன்முதலாக பஸ் ஓட்டியபோது ஒரு மரத்தை இடித்ததைப் பற்றிச் சொன்னார். ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியமாம்.

இப்படி எத்தனையோ சனிக்கிழமைகள். ஒருநாள் கடைசி போல்ட்டையும் முடுக்கியாயிற்று. "சாப்ட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுவோம்" என்று மாமனார் கை கழுவப் போனார். டாக்டருக்கு ஒரு கவலை வந்தது. வண்டி ஓடிவிட்டால் அடுத்த சனிக்கிழமை எதற்கு வருவது? மறுபடியும் 'வாங்க டாக்டர்'தானா?

அந்த வண்டிக்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். மறுமுனையில் இருக்கிற கிளிப்பை ஸ்டார்ட் பட்டனுக்குக் கீழே செருக வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று என்ஜின் நின்றுவிடும். கிளிப் இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது.

டாக்டர் இப்படியும் அப்படியும் பார்த்தார். கயிறு அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

சாப்பிட்டு வந்து மாமனார் பட்டனை அழுத்தினார். சத்தமேயில்லை. "அட, என்ன இது?" என்றார். "திரும்பப் பிரிச்சுப் பாத்துடுவோம் மாப்ளே."

காலமெல்லாம் என்ஜினோடு குடித்தனம் பண்ணிய மனுஷர் கயிறு இல்லாததை எப்படிக் கவனிக்காமல் போனார் என்று டாக்டருக்கு ஆச்சரியம்தான். ஆனால் கேட்பாரா? மறுபடி பிரித்தார்கள். மறுபடி கட்டினார்கள். மறுபடி கிளம்பவில்லை. இருவர் முகத்திலும் அப்படியொரு வருத்தம். உற்றுப் பார்த்தால்தான் அது வருத்தமில்லை என்று தெரியும்.

டாக்டரின் மனைவிக்குத்தான் பொறுமை போனது. "போதும்ப்பா உங்க கூத்து. கடையில சொல்லிட்டேன். திங்கட்கிழமை புது என்ஜின் போட ஆள் வராங்க. பழசை அவங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

மாமனார் பிஸ்டன் ஊறிய குக்கரைப் பார்த்தபடி நின்றார். "சரி" என்றார். ஏரிக்கரையில் சொன்ன அதே 'சரி.'

டாக்டரால் தாங்க முடியவில்லை. பெரியவர் தன் கையால் கட்டிய என்ஜின், ஒரு கயிற்றுக்காகப் பழைய இரும்பாகப் போவதா? பாவம் சும்மா விடுமா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்தார். மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். ஓசைப்படாமல் ஷெட்டுக்குள் நுழைந்து கிளிப்பைச் செருகிப் பட்டனை அழுத்தினார்.

டிக் என்றுகூடச் சத்தமில்லை.

மறுபடி அழுத்தினார். ஊஹூம். பயந்துபோய் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். வந்தவரிடம் கயிற்றுக் கதை முழுவதையும் ஒப்பித்தார். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டைத் தூக்கி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார்.

"மெயின் ஃபியூஸ் இல்லையே டாக்டர். இது தானா விழாது. யாராவது பிடுங்கினாத்தான் வரும்."

"சத்தியமா நான் பிடுங்கலை!"

"நான்தான் பிடுங்கினேன்."

வாசலில் ஈரத் தலையோடு மாமனார் நின்றார். கையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தது ஃபியூஸ்.

"வண்டி ஓடிட்டா நீங்க எதுக்கு மாப்ளே இந்தப் பக்கம் வரப்போறீங்க?" என்றார் தரையைப் பார்த்து.

டாக்டர் சிவப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இது எங்கிட்ட இருந்துது மாமா. நீங்க தேடவே இல்லையே?"

"ஃபியூஸ் எங்கிட்ட இருக்கும்போது கயித்தை நான் எதுக்குத் தேடறேன்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மாமனார் ஈரக் கையாலேயே மருமகனின் தோளை அணைத்துக்கொண்டார்.

மெக்கானிக் ஃபியூஸைப் போட்டுப் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினார். என்ஜின் உறுமியது. அந்தச் சத்தத்தில் டாக்டரின் மனைவியும் மாமியாரும் ஓடிவந்தார்கள்.

"அட, ஓடுது!" என்றாள் மனைவி. "அப்போ கடைக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? பிரிச்சுக் கட்டினதே போதுமா, இல்ல புதுசு போடணுமா?"

மாமனார் மெக்கானிக்கைப் பார்த்து அவசர அவசரமாகக் கண்ணைக் காட்டினார். ஆனால் அவரும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் அடக்கி வைப்பார்?

"ரெண்டுமே தேவைப்படலைம்மா. ஏரியிலேர்ந்து வந்த மறுநாளே தண்ணியை வெளியேத்தி, ஆயில் மாத்தி, ஜம்முனு ஓட்டிக் காட்டிட்டேன். 'அதெல்லாம் இருக்கட்டும், மாப்ளே வரும்போது பிரிச்சுக் கட்டணும்னு மட்டும் சொல்லுய்யா'ன்னு கேட்டுக்கிட்டது ஐயாதான்!"