சந்தன நிறத் தெரு

அன்றைக்கும் கேஸ் சிலிண்டர் எதிர்வீட்டில் இறங்கிவிட்டது. காரைக்குடி செக்காலைக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தப் புதுத்தெருவில், யார் சாமானும் அவரவர் வீட்டுக்கு ஒழுங்காக வந்து நாளாயிற்று.

காரணம் முருகப்பன். பேங்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் குடியிருப்போர் சங்கத் தலைவரானவர். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி தெருவை அழகாக்கப் போவதாகச் சொல்லி, எல்லா வீட்டுக்கும் ஒரே சந்தன நிறம், ஒரே மாதிரி கேட், வாசலில் ஒரே காகிதப்பூச் செடி என்று வைக்கச் செய்தார். தெரு நிஜமாகவே அழகாகிவிட்டது. வீடுதான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

புகார் வந்ததும் நம்பர் பலகை மாட்டினார். அழகு கெடக்கூடாதென்று தமிழ் எண்ணில் எழுதச் சொன்னார். அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். பிறகு தெருமுனையில் வரைபடம் ஒன்று வைத்தார். அதைப் பார்க்க நிற்கிற வண்டிகளால் யாரும் உள்ளே நுழைய முடியவில்லை.

"பழையபடி ஆளுக்கொரு நிறம் அடிச்சிருவமே" என்றாள் மனைவி நாச்சியம்மை.

"பழகிட்டாச் சரியாப் போகும்" என்றார். உள்ளுக்குள் அவருக்கும் உறுத்தத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழத்தட்டும் மல்லிகைப்பூவுமாக ஒரு குடும்பம் கேட்டைத் திறந்து வந்தது. புதுவயலிலிருந்து வருவதாகவும், மகன் சதீஷ்குமாருக்குப் பெண் பார்க்க வந்திருப்பதாகவும் சொன்னாள் ஈஸ்வரி என்ற அந்தம்மாள். மேற்கொண்டு அவள் வாயைத் திறப்பதற்குள் முருகப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணுஞ் சொல்ல வேணாம், எனக்குப் புரியுது. உக்காந்து காபி சாப்பிடுங்க. இப்ப வந்துர்றேன்."

வெயிலில் வீடு வீடாகப் போய், இன்றைக்கு யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று விசாரித்தார். எல்லாரும் இல்லையென்றார்கள். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினால், மகள் மீனலோசனி காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். நாச்சியம்மையும் ஈஸ்வரியும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டான். நம்ம பிள்ளைக்கு இப்படி ஒருத்தன் அமையக்கூடாதா என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க. தெருவை அழகு பண்றேன்னு நான்தான் எல்லாத்தையும் குழப்பிட்டேன். அதான் வீடு மாறி வந்துட்டீக."

ஈஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வீடு மாறலைங்கய்யா. உங்க மகதான் லொக்கேஷன் அனுப்புச்சு."