காலடிப்பேட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்

இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் தாஜ்மஹாலைப் பார்ப்பார்கள், மாமல்லபுரத்தில் நாலு சிலையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், வயிறு கெட்டு ஊர் திரும்புவார்கள். திருவொற்றியூர் காலடிப்பேட்டையைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வந்து, மூன்று வருஷமாகியும் பார்த்து முடிக்காத ஒரே பயணி எங்கள் தெரு டூரிஸ்ட்தான். எங்கள் தெருவை முழுசாகச் சுற்றிப் பார்க்க ஒரு பீடி பிடிக்கும் நேரம் போதும். நடுவில் நாய் வழிமறித்தால் இரண்டு பீடி.

டூரிஸ்ட்டின் சொந்தப் பெயர் அவர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. தெருவில் யாரும் அதை வெளியே எடுக்கவில்லை. மலேசியக் குடிமகன். கிளாங் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டி தெரியும் கால்சட்டையும் செம்பருத்திப்பூ போட்ட சட்டையுமாக மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போவார். வாய் நிறையக் கட்டுப்பல். “கிளாங்ல கட்டுன பல்லு லா. நண்டு ஓட்ட உடைக்கும்” என்பார். வேண்டாம் என்று நாம் சொல்வதற்குள் உடைத்தும் காட்டிவிடுவார்.

அவர் தங்கியிருந்தது கூடப்பிறந்த தம்பி வீட்டில். அது என் வீட்டுக்கு அடுத்த வீடு. தம்பியைத் தெருவே சிக்னல் என்றுதான் கூப்பிடும். சென்னைத் துறைமுகத்தில் கப்பலின் மேல்தட்டில் நின்று, கிரேன் ஓட்டுபவனுக்குக் கையாலேயே சைகை காட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். விரலை வானத்தைப் பார்த்துச் சுழற்றினால் தூக்கு. தரையைப் பார்த்துச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் குறுக்கே வீசினால் நிறுத்து. சுழற்றும் விரலுக்கு முன்னால் இன்னொரு கையை ஆடாமல் பிடித்தால், உடைகிற சரக்கு, மெல்ல.

இதையெல்லாம் நான் எப்படிக் கற்றேன் என்றால், சிக்னல் தன் அண்ணனிடம் பேசவே மாட்டார். மூன்று வருஷமும் இந்தச் சைகைதான். ஊரோடு வாய் கிழியப் பேசுவார், அண்ணனைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும், கை மட்டும் எழும். சாப்பிட உட்கார் என்றால் விரல் கீழே சுழலும். எழுந்து இடத்தைக் காலி பண்ணு என்றால் மேலே சுழலும். இன்னொரு கரண்டி சோறு வைக்க வரும் மனைவிக்கும் உள்ளங்கை குறுக்கே வீசும்.

“எம்மா, இவன் இன்னா லா சொல்றான்?” என்று டூரிஸ்ட் கேட்பார். மூன்று வருஷத்தில் மலேசியாவும் மெட்ராஸும் அவர் வாயில் கலந்துபோயிருந்தன.

“சோறு போதுமாம் மாமா. நீங்க துன்னுங்க, கெடக்கறாரு” என்பார் சிக்னலின் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேரும் பட்டினி கிடந்திருப்பார்கள்.

கோபம் பழசு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே சென்னைத் துறைமுகத்தில் பினாங்குக் கப்பல் ஏறும்போது, அழுதுகொண்டு நின்ற தம்பியிடம் அண்ணன் சொன்னது, “ஒரு மாசத்துல வந்துடறேன்டா.” ஒரு மாசம் போனது, கடிதமும் நின்றது, அம்மா செத்துப்போனார், ஆள் வரவில்லை. வந்து நின்றபோது பல் கட்டியிருந்தது. “தப்புதான் லா. அவன் வாயத் தொறந்து அண்ணன்னு ஒரு வாட்டி சொல்லட்டும், அப்பால நான் எங்க வேணா போறேன்” என்று டூரிஸ்ட் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

உட்கார விட்டால்தானே. அவர் கையிலிருந்தது சுற்றுலா விசா. பல தடவை வந்து போகலாம், ஆனால் ஒரு தடவை வந்தால் ஆறு மாதத்துக்கு மேல் தங்கக்கூடாது. அதனால் ஆறு மாதம் முடியப்போகும்போது கொழும்புக்கு விமானம் ஏறுவார், அங்கே ஒரு நாள் இருந்துவிட்டு, மறுபடி சென்னையில் இறங்கிப் புதுசாக ஆறு மாதம் வாங்கிக்கொள்வார். இந்திய வம்சாவளி என்று ஒரு அட்டை வாங்கினால் இந்த அலைச்சல் இல்லை. அவர் இங்கே பிறந்ததற்கு எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் அப்பா இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். “எங்கப்பன் பொறந்ததுக்கு நான்தான்யா சான்று” என்று நெஞ்சைத் தட்டிவிட்டு வந்துவிட்டார்.

இந்த விவகாரத்துக்கெல்லாம் ஆலோசகர் நான். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற ஏஜென்ஸி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். சுங்கத்துக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “அல்லாம் ரப்பர் ஸ்டாம்பு தானே கிளார்க்கு” என்று தெரு தீர்ப்பு சொல்லிவிட்டது.

முதல் தடவை கொழும்பிலிருந்து திரும்பியபோதே விமான நிலையத்தில் வம்பு. ஆறு மாதம் இருந்தீர்களே, எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். நம் ஆள் உண்மையைச் சொல்லிவிட்டார். காசிமேட்டில் வஞ்சிரம், மண்ணெண்ணெய் க்யூ, பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கும் புறா. அதிகாரி, “அடுத்த தடவையாவது டூரிஸ்ட் மாதிரி இருங்க” என்று சொல்லி முத்திரை குத்தினாராம்.

அவ்வளவுதான், அவரை டூரிஸ்ட் ஆக்கியே தீருவது என்று தெரு கிளம்பியது. கறுப்புக் கண்ணாடி வந்தது, தொப்பி வந்தது. எண்ணூருக்கு அழைத்துப்போய் நெட்டுக்குப்பத்துக் கழிமுகத்தில் நிறுத்திப் படம் எடுத்தோம். பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி மட்டும் தெளிவாக விழுந்தது. மாமல்லபுரத்துக்கு வேன் பிடித்தோம். தெருவே தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஏறியது. டூரிஸ்ட் வேனில் தூங்கியவர் திரும்ப வரும்போதுதான் விழித்தார். கடைசியில் போட்டோ ஸ்டுடியோவில் தாஜ்மஹால் திரைக்கு முன்னால் ஒரு படமும், ஊட்டித் திரைக்கு முன்னால் ஒரு படமும் எடுத்துக் கொடுத்தோம்.

“ரொம்ப நல்லது. ஆனா தாஜ்மஹால்லயும் ஊட்டியிலயும் ஒரே ஸ்டூல் இருக்கே” என்று கேட்டாராம் அடுத்த அதிகாரி. அவரே சிரித்துவிட்டதால் பிழைத்தோம்.

சிரிப்பெல்லாம் மூன்றாம் வருஷக் கடைசியோடு சரி. புது விதி வந்தது. சுற்றுலா விசாக்காரர்கள் ஒரு தடவை வெளியே போனால், இரண்டு மாதம் கழித்துத்தான் உள்ளே வரலாம். கொழும்புக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதெல்லாம் இனிச் செல்லாது. டூரிஸ்ட்டுக்கு அந்தத் தடவையின் நாட்கள் முடிய மூன்று வாரம்கூட இல்லை.

செய்தியை நான் போய்ச் சொன்னபோது சிக்னல் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. “போவட்டும் கிளார்க்கு. போனா வரமாட்டான். ரெண்டு மாசம்பான், நாப்பது வருசம் ஆவும். எனக்கு இன்னா” என்றார். சொல்லிவிட்டு, நொய் தீர்ந்த முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. இன்னொரு நாற்பது வருஷத்துக்கு யாரும் இருக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விதியைத் தளர்த்தச் சொல்லி விண்ணப்பம் போட்டோம். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்று பதில் வந்தது. அக்காவுக்குப் பாடம் எடுத்தேன்: இவர் விருந்தாளி, சுற்றிப் பார்க்க வந்தவர், சுற்றிப் பார்த்ததும் போய்விடுவார். கொடியிலிருந்த பூச்சட்டைகளை ஒளித்தோம். அவருக்கென்று செய்த ஈசிசேரை என் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். சிக்னலுக்கு மட்டும் பாடம் கிடையாது. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினால் போதும் என்று சொல்லிவைத்தேன்.

விசாரணை அதிகாரி வந்தார். சாந்தமான முகம். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. டீ குடித்தார். டூரிஸ்ட் விறைப்பாக, கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா பாடத்தை ஒரு பிசிறில்லாமல் ஒப்பித்தார். அப்போது டூரிஸ்ட் தொட்டு வளர்த்த கோழி ஒன்று உள்ளே வந்து, உரிமையோடு அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதிகாரி கோழியைப் பார்த்தார். பிறகு சிக்னலிடம் திரும்பினார்.

“இவர் யாரு? டூரிஸ்ட்டா?”

சிக்னல் தலையை ஆட்டவில்லை. வலது கை மட்டும் தானாக எழுந்து, பாதியில் நின்றது.

“சைகையெல்லாம் நான் எழுத முடியாதுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க.”

அறையில் கோழி ஒன்றுதான் மூச்சு விட்டது.

“இல்ல சார்” என்றார் சிக்னல். “டூரிஸ்ட்டு இல்ல சார். எங்க அண்ணன். இது அவரு வூடு. பினாங்குக் கப்பலு வந்தா நான் சரக்கப் பாக்கமாட்டேன் சார், ஏணியத்தான் பாப்பேன், எறங்கறாரா எறங்கறாரான்னு. வேலைல இருந்த வரிக்கும் பாத்தேன். இப்பத்தான் வந்துகீறாரு. திரும்ப இன்னாத்துக்கு அனுப்பணும்ன்றீங்க?”

டூரிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. “கேட்டீங்களா லா? அண்ணன்னு சொன்னான். சார், அத மொதல்ல எழுதிக்குங்க.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். “ஐயா, டூரிஸ்ட்டுன்னா சுத்திப் பாத்துட்டு அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போறவங்க. வீடே இதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. நான் என்னன்னு எழுதறது?” என்றார். அவருக்கும் வருத்தம்தான். “நாள் முடியறதுக்குள்ள கெளம்பிடுங்க. ஒரு நாள் கூடுதலாத் தங்குனாலும் அப்புறம் வரவே முடியாமப் போயிடலாம். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. உள்ள விடறது அப்ப ஏர்போர்ட்ல இருக்கறவர் கையில.”

அவர் போனதும் வீட்டில் ஒரே கூத்து. அண்ணன் சிரிக்கிறார், தம்பி தலையில் அடித்துக்கொள்கிறார். தன் வாயாலேயே அண்ணனை ஊரைவிட்டுத் துரத்திவிட்டோமே என்று அவர் அக்காவின் காலில் விழாத குறை. அதோடு வாய்ப்பூட்டும் போய்விட்டது. மிச்சமிருந்த நாளெல்லாம் சிக்னல் அண்ணனிடம் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அம்மா செத்த கதை, கேஸ் அடுப்பு வாங்கிய கதை, தொண்ணூத்தி நாலாம் வருஷத்துப் புயல் வரை. “எம்மா, இதுக்கு அந்தக் கையே தேவல லா” என்று டூரிஸ்ட் என் வீட்டு ஈசிசேரில் வந்து பதுங்கிக்கொள்வார்.

கிளம்பும் நாளில் மட்டும் சிக்னல் மறுபடி ஊமையானார். மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் பெட்டியை விடாமல் நின்றுகொண்டுதான் வாய் திறந்தார்.

“வரமாட்ட நீ.”

“வருவேன்டா.”

“அன்னிக்கும் இத்தான் சொன்ன.”

டூரிஸ்ட் வாய்க்குள் கையை விட்டு, மேல் வரிசையைக் கழற்றினார், கீழ் வரிசையைக் கழற்றினார், இரண்டையும் கைக்குட்டையில் வைத்துத் தம்பியின் சட்டைப்பையில் செருகினார். கன்னம் இரண்டும் உள்ளே போய், பத்து வயது கூடின ஒரு கிழவர் எங்கள் முன்னால் நின்றார்.

“இத வுட்டுட்டு எவன்டா ரெண்டு மாசத்துக்கு மேல இருப்பான்?” என்றார். சொன்னதில் பாதி காற்று.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். படத்தில் இருப்பவருக்கு வாய் கொள்ளாத பல். நிற்பவருக்கு ஒன்றுகூட இல்லை. இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். சிக்னலின் கை தன் சட்டைப்பைக்குப் போனது. “குடுத்துட்டு வந்துடட்டா கிளார்க்கு?” என்று கேட்டார். உள்ளே டூரிஸ்ட் தன் கன்னத்தை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரும் சிரித்துச் சீட்டைக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் சிக்னல் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு எவர்சில்வர் டம்ளரில் பல் இருந்தது. தினமும் காலையில் சிக்னலே தண்ணீர் மாற்றுவார். நாஷ்டா முடிந்ததும் அதற்கு முன்னால் நின்று எதையோ பேசுவார். அக்கா என்னிடம் வந்து, “மன்சனா இருக்கசொல்ல பேசல, பல்லு கிட்ட பேசறாரு பாரு” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

திரும்பி வரும் நாள். விமானம் இறங்கிவிட்டதாகப் பலகை சொன்னது. சிக்னல் பல்லைப் போட்டு மூடிய டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பியோரம் நின்றார். ஜனம் வந்தது, வண்டி தள்ளிக்கொண்டு போனது. வரத்து குறைந்தது. விமானப் பணிப்பெண்கள்கூடப் பெட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கதவு திறக்கவே இல்லை.

“நான்தான் சொன்னேனே” என்றார் சிக்னல்.

கதவு திறந்தது. செம்பருத்திப்பூ சட்டை.

தாமதத்துக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. சுற்றுலா விசா, போன தடவை ஆறு மாதம் இருந்திருக்கிறீர்கள், இந்தத் தடவை எதைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். “என் பல்லு” என்று சொல்லியிருக்கிறார் மனுஷன். அவர் சொன்னது புரியாமல், புரிந்த பிறகு நம்பாமல், மூன்று அதிகாரிகள் மாறி மாறி விசாரித்து, கடைசியில் நம்பிவிட்டார்கள்.

சிக்னல் டிபன் பாக்ஸை அக்காவிடம் கொடுத்தார். ஒரு கையை ஆடாமல் முன்னால் பிடித்து, மறு கை விரலைத் தரையைப் பார்த்துச் சுழற்றினார். உடைகிற சரக்கு. மெல்ல இறக்கு. டூரிஸ்ட் அதைப் பார்த்துக்கொண்டே, பொக்கை வாயோடு, ஒவ்வொரு அடியாக வந்தார்.

அவர் டூரிஸ்ட்டா இல்லையா என்று அரசாங்கம் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அன்றைக்கு அங்கே டூரிஸ்ட் நாங்கள்தான். காலடிப்பேட்டையிலிருந்து இரண்டு வேன் பிடித்து, தயிர்சாதம் கட்டிக்கொண்டு, அவர் ஒருத்தரைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் போயிருந்தோம்.