ஏழாம் மலையின் வாசலை மருதமுத்து காத்த காதை

வாழ்க மருதமுத்து! காஜா பேராங் தெருவின் கதிரவன் வாழ்க! காக்கிச் சட்டையே கவசமாக, தோளில் தொங்கும் தோல்பையே அம்பறாத்தூணியாக, ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலுமாக மலாக்காவின் பேருந்துகளில் நாளெல்லாம் பவனி வரும் நடத்துநர் திலகம் வாழ்க! நாமகளே, என் நாவில் வந்து அமர்க. கதை முடியும்வரை எழுந்து போய்விடாதே. ஓராயிரம் அரக்கர் ஆர்த்தெழுந்து வந்தபோது ஒற்றை ஆளாய்க் குகைவாசலை மறித்து, தன் மனையாளின் மந்திரத்துக்கு மதிலாய் நின்ற அம்மாவீரன் புகழை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் ஞாயிறொன்றில் நிகழ்ந்தது நிகழ்ந்தபடி சொல்லப் புகுகின்றேன். அன்று மதியம் நல்ல வெயில்.

மலை எங்கே, குகை எங்கே என்று மலாக்கா முழுக்கத் தேடிக் காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவையனைத்தும், நில அளவை அலுவலகம் வேண்டாமென்று கழித்த வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில், அவ்வலுவலகத்து எழுத்தரான கிராணி பொன்னுதுரையின் பென்சில் முனையில் பிறந்தவை. அவர் படைத்த ஆட்டம் இது: ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும், தான் செய்யும் செயலை வாயால் சொல்ல வேண்டும், பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உருட்ட வேண்டும், விழுந்த எண்ணைப் பார்த்துக் கிராணி தீர்ப்புரைப்பார். வென்றால் ஒரு படி ஏற்றம். ஆகமொத்தம் பத்துப் படிகள், ஏழு மலைகள். ஞாயிறுதோறும் சோற்றுக்குப் பின், ஹனீபாவின் அடைத்த மளிகைக்கடை முன்னே, அஞ்சடி நடைபாதையில் பாய் விரித்து இரண்டாண்டுகளாக நடக்கிறது.

மருதமுத்து எடுத்தது வாள்வீரன் வேடம். ஹனீபா எடுத்தது கள்வன் வேடம். எடைக்கல்லை ஏமாற்றி அறியாத அப்புண்ணியவான், அரக்கனிடம் திருடிய கிண்ணத்தைக்கூட மனசு கேட்காமல் மறுவாரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர். மந்திரவாதி வேடத்தை எவரும் சீண்டவில்லை. ஆகவே அது மருதமுத்துவின் மனைவியும் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையுமான பாக்கியலட்சுமியின் மடியில் வந்து விழுந்தது. விளையாட்டுக்கு மெய்யான மந்திரம் சொன்னால் பாவம் என்று அவள் சொல்ல, எனக்கும் ஆகாது என்று ஹனீபாவும் சொல்ல, மந்திரத்துக்குப் பதில் வாய்ப்பாடு சொல்வதென்று முடிவாயிற்று. முதற்படிக்கு இரண்டாம் வாய்ப்பாடு. படி ஏற ஏற வாய்ப்பாடும் ஏறும். பத்தாம் படிக்குப் பத்தொன்பது.

அந்தோ, அந்த முதற்படி நாள்கள்! அன்று அவள் மந்திரத்துக்கு ஓர் அகல்விளக்கு எரியும், அவ்வளவுதான். ஓநாய் வந்தாலும் ஓணான் வந்தாலும் முன்னே பாய்ந்தது மருதமுத்துவின் வாள். அவளைத் தோளில் சுமந்தே மூன்று மலைகளைக் கடந்தான். பேருந்தில் வேலை பார்க்கும்போதும் அதை நினைத்து மீசைக்குள் சிரித்துக்கொள்வான்.

ஏழாம் படியில் காலம் புரண்டது. வீரனின் வாள் படிக்கொரு விரற்கடை நீண்டது. மந்திரவாதியின் ஆற்றலோ படிக்கொரு பனைமரம் வளர்ந்தது. அவள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினால் படை எரிந்தது, பதினேழில் ஆறு பின்னோக்கி ஓடியது, பதினெட்டில் ஐந்தாம் மலையே நகர்ந்து வழிவிட்டது. உறையிலிருந்து வாளை உருவுவதற்குள் போர் முடிந்துவிடும். மூன்று மாதமாக அம்மாவீரன் செய்த வீரச்செயல் ஒன்றே ஒன்று: மந்திரவாதியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தது. வயிறு எரிந்தது அவனுக்கு. அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

புதிய அரசியல் சட்டத்துக்கென்று மலாயா முழுவதும் மனுவும் திருத்தமுமாக அலைந்த காலம் அது. மருதமுத்துவும் பயணச்சீட்டுக் கட்டின் அட்டையில் ஒரு மனு எழுதினான். 'வாள் ஏந்திய வர்க்கத்தார்க்கு வாழ வழி செய்க' என்று தொடங்கிய அம்மனுவைக் கண்ட கிராணியார் முதல் திருத்தம் கொண்டுவந்தார்: வீரனுக்கு இரட்டை வெட்டு. வெட்டுவதற்கு ஆள் மிச்சமிருந்தால்தானே! இரண்டாம் திருத்தம்: போருக்கு ஒரு மந்திரம் மட்டுமே. அவளுக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. மூன்றாம் திருத்தம்: ஆறாம் மலையின் அரக்கனை மந்திரம் தீண்டாது. பாக்கியலட்சுமி அரக்கனைத் தீண்டவேயில்லை; அவன் தலைக்கு மேலிருந்த பாறையைத் தீண்டினாள். அன்று மாலை கிராணியார் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்நிலையில்தான் இடியாக வந்தது செய்தி. மெர்டேகா என்னும் விடுதலை நாளுக்கு முன்னே கோலாலம்பூர் அலுவலகத்தில் சேரும்படி பொன்னுதுரைக்கு மாற்றல் உத்தரவு. புதன்கிழமை புறப்பாடு. ஆகவே இதுவே கடைசி ஞாயிறு, இதுவே ஏழாம் மலை, இதுவே ஏழுதலை அரக்கன். இன்று ஒரு தலையாவது தன் வாளுக்கு விழாவிட்டால், இரண்டாண்டுக் காவியத்தில் தான் மூட்டை தூக்கியாகவே முடிந்துபோக நேருமே என்று மருதமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏங்க, ரசமாவது ஊத்திக்குங்க" என்றாள் பாக்கியலட்சுமி. ஊற்றிக்கொண்டான்.

கிராணியார் எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து நான்காம் திருத்தத்தை உருவினார். திக்கெட்டும் கேட்க முழங்கினார்:

"எல்லாரும் கேளுங்கோ! ஏழு தலைக்கு ஏழு வரி. பத்தொன்பதாம் வாய்ப்பாட்டில ஒரு வரிக்கு ஒரு தலை விழும். நடுவில தடுமாறினால் மந்திரம் செத்துப்போகும். அவ சொல்லி முடிக்குமட்டும் அரக்கன்ர சேனை குகைவாசல்ல வந்துகொண்டே இருக்கும். வரிக்கு வரி வீரன் மறிக்க வேணும். எப்பிடி மறிக்கிறான் எண்டு வாயால சொல்ல வேணும். ஒருக்காச் சொன்னதைத் திருப்பிச் சொல்லப்படாது. கட்டையில மூண்டுக்குக் குறைஞ்சால் வாசல் போச்சு, மந்திரவாதியும் போச்சு!"

ஆகா, அதுவன்றோ திருத்தம்! அவளுக்கு அவன் வேண்டும்; அவனுக்கு அவள் வேண்டும். மருதமுத்துவின் மார்பு, சட்டையின் மேற்பொத்தான் தெறிக்குமளவு விம்மியது. கடைக்குள்ளிருந்து கோப்பி வந்தது.

தொடங்கிற்று பெரும்போர். "ஒரு பத்தொன்பது பத்தொன்பது!" என்று பாக்கியலட்சுமி பள்ளிக்கூடக் குரலெடுக்க, உருண்டது முதல் தலை. "வாளால வெட்டுறேன்!" என்று மருதமுத்து கர்ஜிக்க, கட்டையில் ஐந்து. "ரெண்டு பத்தொன்பது முப்பத்தெட்டு!" இரண்டாம் தலை. "கேடயத்தால இடிக்கிறேன்!" நான்கு. மூன்றாம் தலைக்குக் காலால் உதைத்தான். நான்காம் தலைக்குக் கதவைச் சாத்தினான். ஐந்தாம் தலைக்குக் கள்வன் ஹனீபாவைத் தூக்கிப் படைமேல் எறிந்தான். "நல்லா இருக்கே நியாயம்!" என்றார் ஹனீபா. "ஆறு பத்தொன்பது நூத்திப் பதினாலு!" ஆறாம் தலை வீழ, அவன் பல்லைக் கடித்து முறைத்தான்; கட்டையில் சரியாக மூன்று. நால்வருக்கும் மூச்சு வந்தது.

ஏழாம் வரிக்கு அவள் வாய் திறந்தாள். அவனுக்கோ சொல் தீர்ந்துவிட்டது. வாள், கேடயம், கால், கதவு, கள்வன், முறைப்பு எல்லாம் ஆயிற்று. ஆயிரம் அரக்கர் வாசலில் முட்டி மோதுகின்றனர். அப்போது, பதினொரு வருடம் படிக்கட்டில் நின்று பழகிய வாய், உடையவனைக் கேளாமலே முழங்கிற்று:

"எடமில்ல, எடமில்ல! பஸ்ஸு நெறஞ்சு போச்சு! தெங்கேரா போறவன் மட்டும் ஏறு, மத்தவன்லாம் அடுத்த பஸ்ஸுல வா!"

"ஏழு பத்தொன்பது நூத்தி முப்ப..." வரை வந்த பாக்கியலட்சுமி சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பா! வாயை முந்தானையால் பொத்தியும் பொங்கி, கண்ணில் நீர் வழிந்து, பாயில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிணத்தையும் பிழைக்க வைக்கும் அந்தச் சிரிப்பில் மந்திரம் செத்தது. எஞ்சிய ஏழாம் தலை கோரப்பல் விரித்து அவளை நோக்கி இறங்கிற்று.

"வீரனுக்கு ஒரே ஒரு வெட்டு," என்றார் கிராணியார். "பன்னிரண்டு விழ வேணும்."

பன்னிரண்டு என்பது, இரண்டு கட்டையும் புள்ளியில்லாத வெறும் பக்கமாக விழுந்தாலன்றோ! கெடுத்ததும் அவன் வாய், காக்க வேண்டியதும் அவன் கை. தலையைக் கொய்யும் ஆசையெல்லாம் எங்கோ போய்விட்டது மருதமுத்துவுக்கு. தோளில் சுமந்து மூன்று மலை கடந்தவளைத் தின்னக் கொடுப்பதா என்ற ஒன்றே நெஞ்சில் நின்றது. கட்டைகளைக் கண்ணில் ஒற்றினான். வீசினான். ஒன்று ஹனீபாவின் முழங்காலருகே வெறுமையாய்ப் படுத்தது. மற்றொன்றோ பாயைத் தாண்டி, அஞ்சடியைத் தாண்டி, தகதகவென்று தாவிக் கடை முன்னிருந்த லோங்காங் சாக்கடையில் குதித்தது.

"ஒருத்தரும் தொடப்படாது!" கிராணியாரின் குரலில் நில அளவை அலுவலகமே எழுந்து நின்றது. "அளவுக்கல்லு கிடக்கிற இடத்தில வச்சுத்தான் அளக்கிறது. கட்டையும் அப்பிடித்தான்!"

நால்வரும் மண்டியிட்டனர். லோங்காங்கின் ஓரத்தில் நான்கு தலைகள் குனிந்தன. கீழே, ஒரு கங்கோங் கீரைத் தண்டுக்கும் உடைந்த பீங்கானுக்கும் நடுவே கிடந்தது கட்டை.

"யா அல்லா, ஒரே சேறாவுல்ல இருக்கு!" என்றார் ஹனீபா. "புள்ளி இருக்கா, இல்லையான்னே தெரியல மருது."

துடைத்தால் புரளும், புரண்டால் செல்லாது. ஆறு தலை விழுந்தும் அறம் சேற்றில் சிக்கி நின்ற அந்நேரத்தில், பாக்கியலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தாள். லோங்காங்கின் ஓரத்தில் குந்தி, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து ஊற்றுவதுபோலத் துளித்துளியாக ஊற்றினாள். சேறு மெல்லக் கரைந்தது. பித்தளை மின்னியது. புள்ளி ஏதுமில்லை.

வீழ்ந்தது ஏழாம் தலை! மலை அதிர்ந்தது, மண் குலுங்கியது, ஹனீபா கோப்பியைக் கவிழ்த்தார். கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி வீரனின் கையில் தந்தார். "வச்சிரு" என்றார்.

ஆயினும் வென்றவன் நெஞ்சில் ஒரு முள். "பாக்கியம், நெசமாச் சொல்லு. எனக்கு விட்டுக்குடுத்தியா?"

"ஏன் விட்டுக்குடுக்கணும்? பன்னெண்டு விழலன்னா செத்திருக்கப் போறது நான்தானே!" என்றாள் அவள். "தெங்கேரா போற அரக்கனை நெனச்சேன், அடக்க முடியல." மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

வாழ்க அச்சிரிப்பு! வாழ்க வாளும் வாய்ப்பாடும்! ஏழுமலை வென்றோன், ஏழாம் தலை கொய்தோன், பத்தாம் படியின் பேரொளி, அரக்கர்க்கு அடுத்த பஸ்ஸைக் காட்டிய அஞ்சாநெஞ்சன், ஆகஸ்டுத் திங்களின் பொன்வெயில் முடிசூட்ட, காஜா பேராங் தெருவே தன் தேர்வீதியாகத் திரும்பினான். பாக்கியலட்சுமி முன்னால் நடக்க, ஹனீபா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த அரிசிப்பையை மருதமுத்து தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.