ஆஸ்பத்திரி சோப்பும் என் ஏறுமுகக் கோடும்

"ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, 1996. பிரசவ வார்டு சோப்பின் எடை நேற்றைவிட இன்று கூடியிருக்கிறது. காரணம் தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்."

என் நாட்குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிற வரி இது. மறுக்க வழியில்லை. தேதி, கிழமை, மழை, ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்பதையெல்லாம் குறித்துவைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் கிடைத்த ஒரே பலன், நான் செய்த முட்டாள்தனங்களுக்கும் நானே சாட்சியாகிவிட்டேன் என்பதுதான்.

அப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தேன். என் மனைவி கோமதிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிரசவம் எங்கள் ஆஸ்பத்திரியில்தான், ஆபரேஷன் செய்துதான். பையன் நன்றாகப் பிறந்தான். ஆனால் அவளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, இரண்டு மாதம் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள். இந்த முறையும் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாளையங்கோட்டைக்குப் போய்விடலாம் என்றாள் கோமதி. எனக்கு அது மானப் பிரச்சினை. ரெக்கார்டு எழுதுகிறவனே தன் பெண்டாட்டியை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஊரில் எவன் எங்களிடம் வருவான்?

"போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் அங்கன என்ன மாறியிருக்குன்னு சொல்லுங்க, வாரேன்" என்றாள்.

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் நான் நூலகத்துக்குப் போவேன்.

அங்கே ஒரு பழைய பத்திரிகையில், தொழிற்சாலைகளில் தரத்தை உயர்த்துகிற முறையைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. ஒன்றை அளந்து பார், ஒரு மாற்றம் செய், மறுபடி அள, கோடு போட்டுச் சுவரில் ஒட்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இப்போது இப்படிச் செய்கிறார்கள் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அதை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீழ் பிடிப்பதற்குக் காரணம் கை சுத்தமில்லாதது என்று எங்கள் தலைமை நர்ஸ் ஞானசெல்வம் சிஸ்டர் பல தடவை புலம்பியிருக்கிறார். ஆக, அளக்க வேண்டியது கை கழுவுவதை. கை கழுவுவதை எப்படி அளப்பது? கழுவக் கழுவ சோப்பு தேயும். சோப்பை நிறுத்துப் பார்த்தால் போயிற்று. (இந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேனாம். கோமதி பயந்துவிட்டாள்.)

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சின்னத் தராசை இரவல் வாங்கிவந்து, தினமும் காலையில் வார்டு வார்டாகச் சோப்பை நிறுத்தேன். அதன் விளைவுதான் மேலே சொன்ன குறிப்பு. ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கிய டப்பாவில் சோப்பு ஊறிக்கிடந்தது என் புத்திக்கு எட்டவில்லை. சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழுவுன அழுக்கெல்லாம் அதுல ஏறியிருக்கும் தம்பி" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

எடையைக் கைவிட்டு எண்ணிக்கைக்கு மாறினேன். சிவப்பு கார்பாலிக் சோப்பு. வார்டுக்கு எத்தனை கட்டி போகிறது என்று எண்ணினால் போதும். ஒவ்வொரு கட்டியிலும் காம்பஸ் முள்ளால் வார்டின் முதல் எழுத்தையும் வரிசை எண்ணையும் கீறி அனுப்பினேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வராந்தாவில் ஒட்டினேன். அதிகம் சோப்பு செலவழிக்கிற வார்டுக்குக் கோட்டின் உச்சியில் ஒரு நட்சத்திரம் வரைவேன் என்று ஆயாக்களிடம் அறிவித்தேன்.

கோடு ஏறியது. முதல் வாரம் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் பொதிகை மலை மாதிரி நிமிர்ந்தது. தாளில் இடம் போதாமல் மேலே இன்னொரு தாளை ஒட்டினேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்கார முடியாது. எழுந்து போய்க் கோட்டைப் பார்ப்பேன், வருவேன், மறுபடி போவேன். வீட்டில் சாப்பிடும்போதும் கோட்டைப் பற்றித்தான் பேச்சு. கோமதியின் நாள் நெருங்க நெருங்க, கோடு இன்னும் கொஞ்சம் ஏறினால் இவள் சம்மதித்துவிடுவாள் என்று ஒரு பதற்றம். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "சரி, பாப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

இவ்வளவு நாளில் ஒரு தடவையாவது கை கழுவுகிற தொட்டியின் பக்கத்தில் போய் நின்றேனா என்று நீங்கள் கேட்கலாம். நிற்கவில்லை. வேண்டுமென்றேதான் நிற்கவில்லை. நான் நின்று பார்த்தால் எனக்காகக் கழுவுவார்கள், அப்புறம் கணக்கு கெட்டுவிடும் என்பது என் விஞ்ஞானம்.

கோட்டை ஒரு பிரதி எடுத்து, நாலு பக்கக் கடிதத்தோடு அறக்கட்டளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாக அனுப்பியதுதான். கொஞ்ச நாளில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரியவர் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற டாக்டர், அறக்கட்டளைக்கு ஆலோசகர். வராந்தாவில் கோட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். கழுத்தை நிமிர்த்தி இரண்டாவது தாளையும் பார்த்தார். பிறகு, வந்ததற்குத் தாமிரபரணியில் ஒரு குளியல் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாமே என்றார். நானே கூட்டிப்போனேன்.

சாரல் காலம். ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. படித்துறை கண்ணில் படுவதற்கு முன்பே அந்த வாசனை வந்தது. எங்கள் வார்டு வாசனை. நம் மூக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

படித்துறை முழுக்க எங்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். வேட்டி, பாவாடை, தலையணை உறை, பிள்ளைத்துணி, எல்லாவற்றிலும் எங்கள் சிவப்புக் கட்டி தேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி முழங்கால் தண்ணீரில் ஓர் எருமை நின்றது. அதற்கு முதுகு முழுக்க நுரை. தேய்த்துக்கொண்டிருந்தவர் மணிமுத்தாறுப் பக்கத்து ஆள். அவர் மகள் பிரசவ வார்டில் இருந்தாள். துணைக்கு இருக்க வந்த இடத்தில், அம்பாசமுத்திரத்திலேயே இருக்கிற தம்பி வீட்டு எருமையைக் குளிப்பாட்ட ஓட்டிவந்திருக்கிறார். என்னைக் கண்டதும் அவருக்கு உண்மையான சந்தோஷம்.

"வாங்க சோப்பு சார். இந்தக் கட்டிக்கு உண்ணி ஒண்ணுகூட நிக்க மாட்டேங்கு பாத்துக்கிடுங்க."

பக்கத்தில் நின்ற பெரியவர்தான் விசாரித்தார், இது எங்கே கிடைக்கிறது என்று.

"ஆயாம்மா கிட்ட கேட்டா குடுக்காவ. கூச்சப்படாம எடுங்க, சாருக்குக் கோடு ஏறணும்லா, அப்படின்னு சொல்லுதாவ."

பெரியவர் தலையாட்டினார். அவர் அவசரத்தில் சோப்பு எடுத்துவர மறந்திருந்தார். எருமைக்காரர் மடியிலிருந்து புதுக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் நான் கீறிய 'பி' என்ற எழுத்தும் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. பெரியவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நிதானமாகத் தேய்த்துக் குளித்தார். நான் ஒரு படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், இன்னொரு படியில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் இறங்கி அப்படியே மிதந்து புன்னக்காயல் போய்க் கடலில் கலந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீச்சல் தெரியாததால் அதுவும் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையைத் துவட்டியபடி இரண்டே கேள்வி கேட்டார்.

"கை கழுவுறாங்களான்னு யாராவது பார்த்தீங்களா?"

இல்லை என்றேன்.

"தையல்ல சீழ் பிடிச்சது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

அப்போதுதான் உறைத்தது. நான் அதை எண்ணவே இல்லை. எதற்காக இத்தனையும் ஆரம்பித்தேனோ அதை மட்டும் எண்ணவில்லை.

வீட்டுக்குப் போனால், சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்றாள், அப்புறமும் சிரித்தாள். நான் வராந்தாவுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே, பாளையங்கோட்டைக்கே போய்விடலாம், நாளைக்கே கார் பேசுகிறேன் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"முதல்ல ஒரு இடத்துல உக்காருங்க. இந்த வயித்தோட அம்புட்டு தூரம் குலுங்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல. இங்கனயே பெத்துக்கிடுதேன். ஆனா என் கட்டில்கிட்ட ஒரு வாளித் தண்ணியும் செம்பும் சோப்பும் வைக்கணும். என்னைத் தொட வாரவ யாரா இருந்தாலும், நான் பாக்கக் கழுவணும்."

"டாக்டரம்மாவுமா?"

"அவுக கைதானே தையல்ல படும்?"

"நான் எப்படி அவங்ககிட்ட சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேண்டாம். நீங்க சொன்னா அதுக்கு ஒரு கோடு போடுவிய. நான் சொல்லிக்கிடுதேன்."

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. போன முறையும் முதல் நாள் நலமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். அவர் எங்கள் ஊரில் அதிகம் பேசாத, எல்லோரும் எழுந்து நிற்கிற மனுஷி. முந்தின கட்டிலைப் பார்த்துவிட்டு நேராக வந்து கோமதியின் தையல் கட்டைப் பிரிக்கக் குனிந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். (பயமில்லை, காற்றோட்டமான இடம்.)

"டாக்டரம்மா" என்றாள் கோமதி. "கை."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோமதியின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. போர்வையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில்தான் எனக்குப் புரிந்தது. போன தடவை கிடந்த இரண்டு மாதத்தை நான் நாட்குறிப்பில் நாலு வரியாக எழுதி முடித்திருந்தேன். அவள் அப்படி முடித்திருக்கவில்லை.

ஞானசெல்வம் சிஸ்டர் செம்பில் தண்ணீர் மோந்தார். டாக்டரம்மா கையை நீட்டினார். முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போனபோது அங்கே படுத்திருந்த பெண், கோமதியை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பங்குக்குச் செம்பைச் சுட்டிக்காட்டினாள். டாக்டரம்மா அங்கேயும் கழுவினார்.

கோமதியின் தையல் ஆறியது. பத்தாம் நாள் தானே நடந்து வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு பிரசவ வார்டில் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் வாளியும் செம்பும் வந்தன. நான் புத்திவந்து, சீழ் பிடித்த தையல்களை எண்ண ஆரம்பித்தேன். அந்தக் கோடு இறங்கியது. கழுவியதால்தான் இறங்கியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே சமயத்தில் சிஸ்டர் கத்தி கத்தரிக்கோல் வேகவைக்கிற முறையையும் மாற்றியிருந்தார், படித்துறையில் துவைத்த துணிக்கும் பங்கு இருக்கலாம். எருமைக்கு மட்டும் பங்கில்லை.

இனி எஞ்சியிருப்பது ஒரே ஒரு விவகாரம். குழந்தை பிறந்த அன்று, கூப்பிட்டதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே ஓடிவந்து, கழுவாத கையால் குழந்தையின் கன்னத்தைத் தொட்ட ஒரே ஆள் நான்தான் என்று கோமதி சொல்கிறாள். முதுகில்தான் மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தார்கள், முழித்துத்தான் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்கிறாள். நான் வாசல் குழாயில் கழுவிவிட்டுத்தான் போனேன் என்பது என் நினைவு. அந்தக் குழந்தைக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. சாப்பாட்டு இலை முன் நான் உட்கார்ந்தால் அவளும் மருமகனும் சேர்ந்தாற்போல் "கை?" என்பார்கள். சம்பந்தி வீட்டிலும் இது பரவிவிட்டது.

அன்றைய நாட்குறிப்பில் குழந்தையின் ஜென்ம நட்சத்திரம் இருக்கிறது, எடை இருக்கிறது, மழை இருக்கிறது, ஆறு எந்தப் படியில் ஓடியது என்பதும் இருக்கிறது. கையைப் பற்றி ஒரு வரி இல்லை. கூட நின்ற ஞானசெல்வம் சிஸ்டரை மகளின் கல்யாணப் பந்தியில் வைத்துக் கேட்டேன்; ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. ஆகவே, அன்று நான் கை கழுவினேனா என்பது இதை எழுதும் தேதி வரை உறுதிப்படுத்தப்படவில்லை.